அந்த 18 பக்கங்கள்: ஜேம்ஸ் ஃப்ரையின் போதை மீட்புக் கதையை எப்படிப் படிப்பது

விமானத்துக்குள் ஒருவன் கண் விழிக்கிறான். வயது 23. முன்பற்கள் நான்கைக் காணோம். மூக்கு உடைந்திருக்கிறது, கன்னத்தில் ஓட்டை, உடுப்பு முழுக்க எச்சிலும் வாந்தியும் சிறுநீரும் ரத்தமும். எங்கே ஏறினான், எங்கே போகிறான், எதுவும் அவனுக்குத் தெரியாது. சிகாகோவில் காத்திருக்கும் பெற்றோர் அவனை அழைத்துப்போய் மினசோட்டா மாநிலத்தில் ஒரு போதை மறுவாழ்வு மையத்தில் சேர்க்கிறார்கள். 10 ஆண்டு குடி, 3 ஆண்டு கிராக் (புகைக்கும் வகைக் கோகெய்ன்). மறுபடி தொட்டால் சாவுதான் என்கிறார்கள் மருத்துவர்கள்.

ஜேம்ஸ் ஃப்ரை எழுதிய 'எ மில்லியன் லிட்டில் பீசஸ்' இப்படித்தான் தொடங்குகிறது. 2003 ஏப்ரலில் அமெரிக்காவின் டபுள்டே நிறுவனம் இதை வெளியிட்டது. நாவலாக அல்ல, தன்வரலாறாக. 2005 செப்டம்பரில் புகழ்பெற்ற தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரி தன் புத்தகக் குழுவுக்கு இதைத் தேர்ந்தெடுத்தார். அந்த ஓராண்டில் மட்டும் 17 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. அமெரிக்காவில் அந்த ஆண்டு இதைவிட அதிகம் விற்றது ஹாரி பாட்டரின் ஆறாம் பாகம் மட்டும்தான். 2006 ஜனவரி 8 அன்று 'தி ஸ்மோக்கிங் கன்' என்ற இணையதளம் தன் ஆறு வார விசாரணையை வெளியிட்டது. புத்தகத்தில் இருக்கும் குற்றங்களும் சிறைவாசமும் பெரும்பாலும் கற்பனை என்பதை அது காவல்துறைக் காகிதங்களை வைத்தே காட்டியது. மூன்று நாள் கழித்து லாரி கிங்கின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஃப்ரை உட்கார்ந்திருந்தபோது, ஓப்ரா தொலைபேசியில் வந்து அவருக்காகப் பேசினார். ஜனவரி 26 அன்று அதே ஓப்ரா தன் மேடையில், நேரலையில், ஃப்ரையை நிறுத்திக் கேள்வி கேட்டார். பதிப்பாளர் நேன் டலீஸும் அந்த மேடையில் இருந்தார்.

இதெல்லாம் பலருக்குத் தெரிந்த கதைதான். சர்ச்சை அடங்கியதும் மக்கள் இரண்டாகப் பிரிந்து அங்கேயே நின்றுவிட்டார்கள். பொய்ப் புத்தகம், தூக்கிப் போடு என்றது ஒரு கூட்டம். உணர்வு உண்மையாக இருந்தால் போதாதா என்றது இன்னொன்று. போதைச் சிகிச்சையோடு தொடர்புள்ளவர்களுக்கு இரண்டு பதிலும் உதவாது. புத்தகம் இன்னும் அச்சில் இருக்கிறது. 2018இல் திரைப்படமாகவும் வந்தது. குடிநோயிலிருந்து வெளியே வர முயல்கிறவர் கையில் இன்றைக்கும் யாரோ ஒருவர் இதைக் கொடுத்துக்கொண்டிருக்கலாம். ஆகவே எந்தப் பொய் எதைத் தாங்கி நிற்கிறது என்று தெரிந்துகொண்டு படிப்பதுதான் பயனுள்ளது.

லாரி கிங்கிடம் ஃப்ரை ஒரு கணக்குச் சொன்னார். புத்தகம் 432 பக்கம், சர்ச்சைக்கு உள்ளானவை 18 பக்கம், 5 சதவீதத்துக்கும் குறைவு, தன்வரலாற்றில் இவ்வளவு இருப்பது தகும் என்றார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஒரு வீட்டில் தூண் பிடிக்கும் இடமும் 5 சதவீதத்துக்குள்தான் வரும். அந்த 18 பக்கம் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

சிறையிலிருந்து தொடங்குவோம். புத்தகத்தின்படி, ஒஹாயோ மாநிலத்தில் ஃப்ரை கிராக் போதையில் ஒரு போலீஸ்காரர் மேல் காரை ஏற்றுகிறார், பிடிக்க வந்தவர்களோடு கைகலப்பு, ஆயுதத் தாக்குதல் உட்பட வழக்குகள் குவிகின்றன. ஆண்டுக்கணக்கில் சிறை என்ற நிலை. மறுவாழ்வு மையத்தில் நண்பர்களாகும் லெனர்ட் என்ற தாதாவும் மைல்ஸ் என்ற நீதிபதியும் எங்கெங்கோ பேசி, மாவட்டச் சிறையில் சில மாதமாகக் குறைத்துக்கொடுக்கிறார்கள். கடைசியில் ஏறக்குறைய மூன்று மாதம் உள்ளே இருந்ததாக ஃப்ரை எழுதுகிறார். காவல்துறைப் பதிவில் இருப்பது வேறு. 1992 அக்டோபர், கிரான்வில் என்ற சிற்றூர். குடித்துவிட்டு வண்டி ஓட்டிய ஒரு கல்லூரி மாணவர், காருக்குள் திறந்த பீர் பாட்டில். கிராக் இல்லை, கைகலப்பு இல்லை. மரியாதையாக ஒத்துழைத்தார் என்று காவலர் எழுதிவைத்திருக்கிறார். 733 டாலர் பிணைத்தொகை கட்டிவிட்டுச் சில மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டார்.

வீரம் காட்டிக்கொள்ள ஒருவர் மிகைப்படுத்தினார், அவ்வளவுதானே என்று இதை விட்டுவிடலாம் போலத் தோன்றும். ஆனால் கதைக்குள் அந்தச் சிறை எதற்காக இருக்கிறது? லில்லி என்று ஒரு பெண் வருகிறாள். மையத்தில் ஃப்ரை காதலிக்கும் சக நோயாளி. ஃப்ரை சிறையில் இருப்பதால் அவளோடு இருக்க முடியவில்லை. அவர் விடுதலையாகும் நேரத்தில், அவர் போய்ச் சேர்வதற்குள், அவள் தூக்கில் தொங்குகிறாள். 2005இல் வந்த அடுத்த புத்தகமான 'மை ஃப்ரெண்ட் லெனர்ட்' சிறைக்குள்தான் தொடங்குகிறது. அதன் முதல் பகுதி முழுக்க இந்தச் சாவைச் சுற்றியே நகர்கிறது. சிறையை எடுத்துவிட்டால் பிரிவு இல்லை. பிரிவு இல்லையென்றால், புத்தகம் சொல்லும் வகையில் அந்தச் சாவும் இல்லை. தூக்கு இல்லை, மணிக்கட்டை அறுத்துக்கொண்டாள் என்று ஃப்ரையே பின்னர் ஓப்ராவிடம் மாற்றிச் சொன்னார்.

லில்லியின் சாவு புத்தகத்தின் வாதத்துக்கு உயிர்நாடி. ஃப்ரை முன்வைக்கும் கருத்து இது: அடிமைப்படுவது நோய் அல்ல, அது ஒரு தேர்வு, பலவீனம். குடிநோயாளர் கூட்டங்கள் பின்பற்றும் 'பன்னிரண்டு படிகள்' தேவையில்லை, கடவுள் தேவையில்லை, கூட்டம் தேவையில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்து நின்றால் போதும். மன உறுதி இருந்தவன் பிழைத்தான், அது கைவிட்டவள் செத்தாள். எதிரெதிரே வைத்த இந்த இரண்டு உருவங்களில் ஒன்று பெரிதும் புனைவு என்றால், மற்றது எதை நிரூபிக்கிறது?

வாசிக்கும்போது கையில் ஒரு பென்சிலை வைத்துக்கொள்வது நல்லது. இந்தப் புத்தகத்தில் மூன்று வகைக் கூற்றுகள் இருக்கின்றன. கைது, சிறை, வழக்கு, விபத்து, இறப்பு ஆகியவை காகிதத்தில் நிற்பவை. எங்கோ ஓர் அலுவலகத்தில் அவற்றுக்குப் பதிவு இருக்கும், சரிபார்க்கலாம். வாந்தி, நடுக்கம், மயக்கம், பல், மருந்து ஆகியவை உடலில் நிற்பவை. பதிவு கிடைக்காவிட்டாலும் உடல் அப்படி நடந்துகொள்ளுமா என்று மருத்துவத்தை வைத்துச் சோதிக்கலாம். மூன்றாவது வகை நெஞ்சுக்குள் மட்டும் நிற்பது: வெட்கம், வெறி, ஏக்கம். இதை யாரும் சரிபார்க்க முடியாது. தொடக்கக் காட்சியையே இந்தச் சல்லடையில் போட்டுப் பாருங்கள். போதையில் இருப்பதாகத் தோன்றும் ஆளை ஏற்றக் கூடாது என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து விதி விமான நிறுவனத்துக்குக் கட்டளையே இடுகிறது. கன்னத்தில் ஓட்டையோடு ரத்தம் வழிய இருப்பவரை ஊழியர்கள் ஆம்புலன்சில்தான் ஏற்றியிருப்பார்கள். முதல் பக்கத்திலேயே ஒரு கேள்விக்குறி போட வேண்டியிருக்கிறது. போடவில்லை பெரும்பாலோர். ஏன்? நடையின் வலு அப்படி. மேற்கோள் குறி கிடையாது, பத்தி ஒதுக்கல் கிடையாது, குட்டிக் குட்டி வாக்கியங்கள், ஒரே சொல் திரும்பத் திரும்ப. நினைத்த பெயர்ச்சொல்லையெல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்குவார். (தமிழில் பெரிய எழுத்து என்பதே இல்லாததால், இதை மொழிபெயர்க்கப் போகிறவர் முதல் வரியிலேயே கையைப் பிசைய வேண்டும்.) மூச்சு வாங்க விடாத அந்த ஓட்டத்தில், அழகுபடுத்தத் தெரியாத ஒருவர் கக்கியதை அப்படியே படிக்கிறோம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

உடலில் நிற்பவற்றில் அதிகம் பேசப்பட்டது பல் சிகிச்சை. மறுவாழ்வில் இருப்பவருக்கு மரத்துப்போகும் மருந்து கொடுக்கக் கூடாது என்பது விதி என்றும், அதனால் ஊசியே போடாமல் இரண்டு பற்களுக்கு ரூட் கனால் செய்தார்கள் என்றும் ஃப்ரை எழுதுகிறார். நாற்காலியில் கட்டிவைத்து, இரண்டு கையிலும் டென்னிஸ் பந்து கொடுத்து, நகம் உடையும்வரை அழுத்திப் பிடித்திருந்தாராம். புத்தகத்தைப் படித்தவர்கள் மற்றதை மறந்தாலும் இதை மறப்பதில்லை.

இதில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஏனென்றால் சிறை பற்றிய பொய் யாருடைய உடம்பையும் தொடாது, இது தொடும். பல்லை மரத்துப்போக வைக்கும் ஊசியை அமெரிக்கர்கள் பேச்சுவழக்கில் இன்னும் நோவோகெய்ன் என்றுதான் சொல்கிறார்கள். அது 1905இல் வந்த ப்ரோகெய்னின் வணிகப் பெயர். 1940களின் இறுதியில் லிடோகெய்ன் சந்தைக்கு வந்த பிறகு பல் மருத்துவத்தில் ப்ரோகெய்ன் மெல்ல மெல்ல ஒதுங்கிவிட்டது. நோவோகெய்ன் என்ற பெயருக்கே 'புதிய கோகெய்ன்' என்றுதான் பொருள். கோகெய்னும் ஒரு மரத்துப்போக வைக்கும் மருந்துதான். 1884இல் கண் அறுவைக்கு முதலில் பயன்பட்டது அது. 'கெய்ன்' என்று முடிவதால் எல்லாம் ஒரே சரக்கு என்று பயப்படுவது இயல்பு. ஆனால் லிடோகெய்ன் ஈறுக்குள் ஒன்றிரண்டு மில்லி போனால் அந்த இடத்து நரம்பை மட்டும் அடக்கும். மனநிலையை மாற்றாது, ஏக்கத்தை உண்டாக்காது. மறுவாழ்வு மையங்கள் கவலைப்படுவது சிகிச்சைக்குப் பிறகு தரப்படும் ஓபியாய்டு (அபின் வகை) வலிமாத்திரைகளைப் பற்றியும், தூக்கம் தரும் மயக்க மருந்துகளைப் பற்றியும்தான். அதற்கும் வழி இருக்கிறது: பாராசிட்டமால், ஐபுப்ரோஃபன்.

உண்மையான எச்சரிக்கை வேறு இடத்தில் இருக்கிறது. பல் மருத்துவர் போடும் லிடோகெய்னில் பெரும்பாலும் எபிநெஃப்ரின் கலந்திருக்கும். ரத்தக்குழாயைச் சுருக்கி, மருந்தை அந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் நிற்க வைப்பது அதன் வேலை. கோகெய்ன் எடுத்து 24 மணி நேரம் ஆகாதவருக்கு இந்தக் கலவை போனால் ரத்த அழுத்தம் எகிறலாம், இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். அப்படிப்பட்டவருக்கு அவசரமில்லாத சிகிச்சையைத் தள்ளிப்போடுவார்கள். தள்ள முடியாவிட்டால் எபிநெஃப்ரின் கலக்காத மெபிவகெய்ன் போன்ற ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். ஆகவே மீட்சியில் இருப்பவர் பல் மருத்துவரிடம் சொல்ல வேண்டியது, கடைசியாக எதை, எப்போது எடுத்தேன் என்பது. ஊசி வேண்டாம் என்பது அல்ல. ஃப்ரையின் காட்சி இதைத் தலைகீழாக ஆக்கிவிட்டது. வலியைத் தாங்குவதுதான் மீட்சியின் அளவுகோல் என்று நம்ப வைக்கிறது. பின்னால் நெருக்கிக் கேட்டபோது, நினைவிலிருந்து எழுதினேன் என்பதற்கு மேல் அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

சரியாக எழுதிய இடங்களும் இருக்கின்றன, அதையும் சொல்ல வேண்டும். மையத்துக்கு வந்த முதல் நாட்களில் அவருக்கு லிப்ரியம், டயஸெபம் என்ற அமைதிப்படுத்தும் மருந்துகளைக் கொடுக்கிறார்கள். முறை அதுதான். நீண்ட நாள் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் 6 முதல் 12 மணி நேரத்தில் கை நடுக்கமும் வியர்வையும் குமட்டலும் தொடங்கும். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 48க்கும் 96க்கும் இடைப்பட்ட நேரம் மிக ஆபத்தானது. ஆளுக்கு நாளும் இடமும் குழம்பும், இல்லாத பூச்சியும் உருவமும் தெரியும், காய்ச்சல் ஏறும். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். சாராயம் இத்தனை காலம் மூளையை அமுக்கி வைத்திருந்தது. அமுக்கியதை ஈடுகட்ட மூளை தன் கிளர்ச்சியைக் கூட்டி வைத்திருக்கிறது. அமுக்கும் கையைச் சட்டென்று எடுத்தால் கிளர்ச்சி மட்டும் மிஞ்சுகிறது. லிப்ரியம் அந்தக் கையின் இடத்தில் உட்கார்ந்து, நாளுக்கு நாள் அளவு குறைந்து, சில நாட்களில் விலகிக்கொள்கிறது. கூடவே தயமின் என்ற வைட்டமின் பி1 கொடுப்பார்கள். உடலில் அது வற்றிப்போனவருக்கு வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிப்பு வெளிப்படலாம் என்பதால் தயமின் முன்னால் போக வேண்டும். கிராக்கை நிறுத்துவது வேறு மாதிரி: களைப்பு, தூக்கம், பசி, கடும் மனச்சோர்வு. வலிப்பால் சாகும் ஆபத்து குறைவு, தற்கொலை எண்ணம்தான் கவனிக்க வேண்டியது.

இங்கேதான் புத்தகம் தன்னையே மறுக்கிறது. மன உறுதி ஒன்றே காப்பாற்றியது என்று சொல்லும் அதே பக்கங்களில், மருந்து மேஜையில் இருக்கிறது. மூன்று வேளைச் சாப்பாடு, முகத்தைச் சரிசெய்த அறுவை மருத்துவர், தன்னோடு உட்கார்ந்து பேசும் ஆலோசகர், குடும்ப வாரத்துக்கு வந்த அப்பா அம்மா. குழந்தையாக இருந்தபோது யாருக்கும் தெரியாமல் போன காதுத் தொற்று பற்றி அந்தக் குடும்ப அமர்வில்தான் பேச்சு வருகிறது. தனக்குள் இருக்கும் வெறிக்கு ஒரு வேர் கிடைப்பது அங்கேதான். எல்லாவற்றுக்கும் மேலே லெனர்ட். தன்னை மகன் போல நடத்தும் ஒரு முதியவரின் தோள். இத்தனையும் பெற்றுக்கொண்டு, தனியாளாக நின்றேன் என்று சொல்கிறார் எழுதியவர். படிக்கிறவர் ஒரு தாளில் அந்த உதவிகளை எண்ணிப் பார்த்தாலே போதும், வாதம் தளர்ந்துவிடும். பணத்தைப் பற்றியும் ஒரு வரி: வசதியான பெற்றோர் இல்லாத 23 வயதுக்காரருக்கு அந்தக் கதவு திறந்திருக்காது.

புத்தகத்தில் பெயர் சொல்லப்படாத அந்த மையத்தை ஹேசல்டன் என்று பத்திரிகைகள் அடையாளம் கண்டன. 1949இல் மினசோட்டாவில் தொடங்கிய அந்த நிறுவனமும், அதே மாநிலத்தின் வில்மர் மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கியதைத்தான் இன்று மினசோட்டா முறை என்கிறார்கள். 28 நாள் தங்கல், மருத்துவரும் உளவியலாளரும் போதகரும் மீண்டுவந்த முன்னாள் நோயாளிகளும் ஒரே குழுவில், நடுவில் பன்னிரண்டு படிகள். அந்தப் படிகள் வந்தது 1935இல் ஒஹாயோவின் ஆக்ரன் நகரில் பில் வில்சனும் டாக்டர் பாப் ஸ்மித்தும் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸிலிருந்து. குடியின் முன்னால் நாங்கள் சக்தியற்றவர்கள் என்று ஒப்புக்கொள்வது முதல் படி. ஃப்ரை சண்டை போடுவது இந்த முதல் படியோடுதான்.

அந்தச் சண்டையில் அவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. கடவுளை வலியுறுத்தும் மொழி பலரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது. சிகிச்சைக்கே போகாமல் குடியை விட்டவர்கள் பலர் இருப்பதும் உண்மை. படிகளை ஏற்காதவர் எல்லாரும் 'மறுப்பு நிலையில்' இருப்பதாக முத்திரை குத்தும் ஆலோசகர்களும் உண்டு, அது தவறு. ஆனால் ஆய்வு சொல்வது அவருக்குச் சாதகமாக இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட மதிப்பாய்வு 27 ஆய்வுகளையும், அவற்றில் இருந்த 10,565 பேரையும் சேர்த்துப் பார்த்தது. தொடர்ந்து குடிக்காமல் இருப்பதைப் பொறுத்தவரை, பன்னிரண்டு படிகளோடு நோயாளியை முறையாக இணைக்கும் சிகிச்சை மற்ற முறைகளைவிடக் கூடுதல் பலன் தருவதாகவே அது கண்டது. பலன் எதிலிருந்து வருகிறது என்று பார்த்தால், புதிய நட்பு வட்டம் பெரிய பங்கு வகிக்கிறது. லெனர்ட் ஃப்ரைக்குச் செய்ததாக எழுதப்பட்டிருப்பதும் அதுதானே.

இன்னொன்று: ஃப்ரை மையத்தில் இருந்ததாகச் சொல்லும் காலம் 1990களின் தொடக்கம். குடி ஏக்கத்தைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோனுக்கு அமெரிக்காவில் 1994இல்தான் அந்தப் பயன்பாட்டுக்கு அனுமதி வந்தது. இன்னொரு மருந்தான அகாம்ப்ரோசேட்டுக்கு 2004இல். படிகள் அல்லது மன உறுதி என்ற இரண்டே வழிதான் உலகில் உண்டு என்பது போல அந்தப் புத்தகம் பேசுகிறது. இன்று கையில் இருப்பவை அதைவிட அதிகம். மறுபடி போதைக்குத் திரும்புவது 40 முதல் 60 சதவீதம் பேருக்கு நடக்கிறது என்பது அமெரிக்கத் தேசியப் போதைப்பொருள் ஆய்வு நிறுவனம் தரும் கணக்கு. ரத்த அழுத்தத்துக்கும் ஆஸ்துமாவுக்கும் மருந்தை விட்டு மறுபடி நோய் முற்றுகிறவர்களின் அளவோடு இது ஒப்பிடத்தக்கது. மறுசறுக்கலைப் பலவீனத்தின் தண்டனையாகப் பார்க்கும் ஃப்ரையின் பார்வை, சறுக்கியவரைத் திரும்பி வரவிடாமல் செய்யும் பார்வை. லில்லியின் முடிவை அந்தக் கோணத்தில் படித்தால் அதன் கொடூரம் தெரியும்.

போதையில் இருந்தவருக்கு நினைவு எங்கே ஒழுங்காக இருக்கும் என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ரத்தத்தில் சாராயம் வேகமாக ஏறும்போது மூளையின் ஹிப்போகாம்பஸ் புதிய நினைவைப் பதிவதை நிறுத்திவிடுகிறது. ஆள் நடப்பார், பேசுவார், வண்டிகூட ஓட்டுவார். மறுநாள் அந்த மணி நேரங்கள் வெறுமையாக இருக்கும். கவனியுங்கள், வெறுமையாக. அந்த இடத்தில் வரிசை வரிசையாகப் போலீஸ்காரர்களும் உரையாடலும் தானாக முளைப்பதில்லை. இன்னொரு அடையாளமும் உண்டு. நினைவுப் பிழை நாலா பக்கமும் சிதறும். சிலது நம்மைப் பெரிதாக்கும், சிலது சிறுமைப்படுத்தும், சிலது ஒன்றுக்கும் உதவாது. ஃப்ரையின் பிழைகள் ஏறக்குறைய எல்லாமே ஒரே திசையில் போகின்றன. அவர் இன்னும் பயங்கரமானவர், இன்னும் அடிபட்டவர், ஆகவே இன்னும் உறுதியானவர்.

எதிர்த் திசைக்கு ஓர் உதாரணம் டேவிட் கார். நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையாளர், மினியாபோலிஸில் கிராக்குக்கு அடிமையாக இருந்து மீண்டவர். 2008இல் வெளியான 'தி நைட் ஆஃப் தி கன்' நூலுக்காகத் தன் வாழ்க்கையையே ஒரு செய்தி போல விசாரித்தார். ஏறத்தாழ 60 பேரைப் போய்ப் பார்த்துப் பதிவு செய்தார். காவல் பதிவு, மருத்துவப் பதிவு எல்லாம் எடுத்தார். ஓர் இரவில் நண்பர் தன் மேல் துப்பாக்கியை நீட்டியதாக ஆண்டுக்கணக்கில் நினைத்துக்கொண்டிருந்தார் கார். நண்பரைப் பார்த்தபோது அவர் சொன்னார்: துப்பாக்கி உன் கையில்தான் இருந்தது. அந்தப் பிழை வெளியே வந்ததும் எழுதியவர் சிறுத்துப்போனார். அப்படியே எழுதி வெளியிட்டார். இரண்டு புத்தகத்தையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு வேறு விளக்கமே தேவைப்படாது.

பதிப்பகம் என்ன செய்துகொண்டிருந்தது? அமெரிக்கப் புத்தகப் பதிப்பகங்களில் பொதுவாக உண்மை சரிபார்க்கும் பிரிவு கிடையாது. பெரிய வார, மாத இதழ்களில் உண்டு. புத்தகத்துக்கு, எழுதியது உண்மை என்று ஆசிரியர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார். வழக்கறிஞர் படிப்பது அவதூறு வழக்கு வருமா என்பதற்காக. பெயரையும் அடையாளத்தையும் மாற்றிவிட்டால் அவர் வேலை முடிந்தது. பெயரை மாற்றியதே பிறகு சரிபார்ப்பதையும் கடினமாக்கிவிடுகிறது. முதலில் நாவலாகத்தான் கொண்டுபோனோம் என்று ஃப்ரை சொன்னார். எங்களிடம் தன்வரலாறாகத்தான் வந்தது என்றார் டலீஸ். எப்படியானாலும் அதை அவிழ்த்தது பதிப்பகம் அல்ல. கைதானவர்களின் காவல்நிலையப் புகைப்படங்களைச் சேர்க்கும் ஓர் இணையதளம், ஃப்ரையின் படத்தைத் தேடிப் போய், கிடைக்காததால் மேலும் தோண்டியது.

வாசகர்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். சமரசம் ஏற்பட்டது. பணம் வேண்டுமென்றால் கெட்டி அட்டைப் பிரதியின் 163ஆம் பக்கத்தைக் கிழித்து அனுப்ப வேண்டும். சாதா அட்டை என்றால் முன்னட்டை. கூடவே, இது உண்மையல்ல என்று தெரிந்திருந்தால் வாங்கியிருக்க மாட்டேன் என்று உறுதிமொழி. இதற்காக 23.5 லட்சம் டாலர் ஒதுக்கினார்கள். விற்றதோ பத்து லட்சக்கணக்கில். கேட்டு வந்தவர்கள் 1,729 பேர், திருப்பித் தரப்பட்டது சுமார் 27,000 டாலர். 2007 நவம்பரில் நீதிமன்றம் இதற்கு ஒப்புதல் கொடுத்தது. மக்கள் மன்னித்துவிட்டார்கள் என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. சில டாலருக்காகப் பக்கத்தைக் கிழித்து அஞ்சலில் போட யாருக்குப் பொறுமை என்பதுதான் எங்கள் கணிப்பு.

பிரதி வாங்குவதாக இருந்தால் 2006க்குப் பிறகு அச்சானதை வாங்குங்கள். அந்தப் பதிப்புகளில் ஃப்ரையின் குறிப்பு சேர்க்கப்பட்டிருக்கிறது. இருந்ததைவிட முரட்டு ஆளாகத் தன்னைக் காட்டிக்கொண்டதையும், சிறையில் இருந்தது சில மணி நேரம் மட்டுமே என்பதையும் அதில் ஒப்புக்கொள்கிறார். அதை முதலில் படித்துவிட்டு, பிறகு விமானத்துக்குள் நுழையுங்கள். ஏக்கம் உடம்பில் எப்படி ஏறுகிறது, கண்ணாடியில் தன் கண்ணைப் பார்க்க முடியாத வெட்கம் எப்படி இருக்கும், அம்மா அழும்போது அறையை விட்டு ஓடத் தோன்றுவது எப்படி என்ற பக்கங்களில் மீண்டுவந்த பலர் தங்களை அடையாளம் கண்டிருக்கிறார்கள். அவை மூன்றாவது வகைக் கூற்றுகள். நாவலுக்குத் தரும் நம்பிக்கையை அவற்றுக்குத் தரலாம். அதற்கு மேல் வேண்டாம்.

சிகிச்சை முடித்து வந்தவருக்கு இதைக் கொடுப்பதென்றால், முதல் மாதங்களில் வேண்டாம். போதையை விவரிக்கும் பகுதிகளே ஏக்கத்தைக் கிளப்பலாம். கொடுத்தால் கூட உட்கார்ந்து பேசும்படி கொடுங்கள். இன்னும் குடித்துக்கொண்டிருப்பவர் கையில் கொடுக்கப் போகிறீர்களா? அப்படியானால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: தினமும் குடிக்கும் ஒருவர், பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டு அறையில் படுத்து ஒரே நாளில் நிறுத்த முயலக் கூடாது. முன்பு நிறுத்தியபோது வலிப்போ குழப்பமோ வந்திருந்தால் மருத்துவமனையில் சேர்ந்துதான் நிறுத்த வேண்டும். எங்கே போவது என்று தெரியாதவர்கள் இந்தியாவில் 14446 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.